அரைப் பேர்

ஜனவரி 3
அம்மாவுக்குக் கஞ்சி 9 கரண்டி. வாசல் புல்லெல்லாம் உறைபனி.

ஜனவரி 4
6 கரண்டி, 40 நிமிஷம். நாலாவதை வாயிலேயே அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். விழுங்க மறந்துவிடுகிறது. காலிக் கரண்டியை உதட்டில் தொட்டால் சில சமயம் ஞாபகம் வருகிறது.

ஜனவரி 6
திருப்பூரிலிருந்து அண்ணன். "மூக்குல டியூப் போட்டுரு பாப்பா. பட்டினி போட்டே கொல்றியா?"
சிஸ்டரிடம் மறுபடி கேட்டேன். மறதி நோய் முற்றிய இந்த நிலைமையில் டியூப் போட்டால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லையாம். நிமோனியா வருவதையும் அது தடுக்காது, எச்சில் உள்ளே போகத்தானே செய்யும் என்றார். பிடுங்குவார்கள், அப்புறம் கையைக் கட்ட வேண்டி வரும். அந்தக் கையையா? நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை தாழ்ந்திருக்கும்படி ஊட்டுங்கள், வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள் என்கிறார். சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கரண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது நான்.
அண்ணனிடம் "சரி, பேசுவோம்" என்றேன்.

ஜனவரி 7
5. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து இப்படிக் குறைந்தால் கங்காணி அரைப் பேர்தான் போடுவான், அரை நாள் கூலி.

ஜனவரி 9
2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டல். இடுப்பில் ஒரு சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் அம்மா மேல் கத்திவிட்டேன். ஒன்றும் புரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். புருவம் சுருங்கியதே?
கை போர்வையில் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கிறது. இலங்கையில் ஹட்டன் மலையா, இங்கே அரசாங்கத் தோட்டம் டான்டீயா, எந்தத் தோட்டத்தில் நிற்கிறாளோ.

ஜனவரி 11
4.

ஜனவரி 12
அண்ணன் வந்தான். தேங்காய் ரொட்டியைப் பாலில் கரைத்து அவனே ஊட்டினான். 11 கரண்டி! அவனிடம் மட்டும் 11. எனக்குப் பொறாமையாக இருந்தது, எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 13
காய்ச்சல். நெஞ்சில் கரகரப்பு. ரொட்டியால் இருக்காது, எப்போது வேண்டுமானாலும் வரும் என்றுதான் சிஸ்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 14
ஆஸ்பத்திரியா, வீடா? அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "நீயே சொல்லு" என்றான். டியூப் பேச்சை எடுக்கவில்லை. வீடு என்றேன்.
பொங்கல் வைத்தோம். பாகில் ஒரு சொட்டு நாக்கில் தடவினேன், சப்பினாள். இதைக் கணக்கில் எப்படிப் போடுவது?

ஜனவரி 15
ஈரப் பஞ்சு மட்டும். உதட்டுக்கு வெண்ணெய். மூச்சு நின்று நின்று வருகிறது. அண்ணன் விசிறுகிறான், இந்தக் குளிரில்.

ஜனவரி 16, ராத்திரி 2 மணி
புரட்டிவிட்டேன். இந்தப் பக்கம் படுத்தால் கை வெளியே வந்துவிடுகிறது. இன்னும் கிள்ளிக்கொண்டுதான்