வாசலினுக்கு விடைகொடுத்தாயிற்று: சுழல்குச்சி மகரந்தப் பொறி, மூன்றாம் கட்டம்

பசைப்பூச்சுப் போட்ட இரண்டு குச்சிகளை மோட்டாரில் வேகமாகச் சுழற்றி, காற்றில் பறக்கும் மகரந்தத்தை ஒட்டவைத்து எண்ணுவதுதான் இந்தப் பொறி. மார்ச் கடைசியில் ஓட்டிய குச்சிகளை நுண்ணோக்கியில் வைத்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. குச்சியின் வெளி விளிம்பில் மட்டும் பார்த்தீனிய மகரந்தம் வரிசைகட்டி நிற்கிறது. உள்பாதி காலி.

காரணம், பசையாகப் பூசிய வாசலின். 8 செ.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால், புவியீர்ப்பைப்போல் 250 மடங்குக்கும் மேலான விசை வெளிப்பக்கம் தள்ளும். மதுரை வெயிலில், மொட்டைமாடித் தகரப்பெட்டிக்குள் இளகிய வாசலின் அதற்கு நிற்குமா? ஓரத்தில் நூலாகத் திரண்டுவிடுகிறது. மீதி இடத்தில் மோதும் துகள் ஒட்டாமல் எகிறிப் போய்விடுகிறது. எண்ணிக்கை குறைவாக வந்தால் காற்று சுத்தம் என்று நம்பிவிட வேண்டாம், முதலில் பூச்சைப் பாருங்கள்.

மாற்று: சிலிகான் வேக்குவம் கிரீஸ் (ஆய்வகக் கண்ணாடி இணைப்புகளில் பூசும் கெட்டிப் பசை) 1 கிராம், அதைக் கரைக்க ஹெக்சேன் 10 மி.லி. நன்றாகக் குலுக்கி, மெல்லிய தூரிகையால் முன்முகத்தில் ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு கூடாது, திட்டுத்திட்டாகிவிடும். மூடிய டப்பாவில் கால் மணி நேரம் காயவிட்டால் போதும். ஹெக்சேன் தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். பெட்ரோலில் கரைக்கலாமே என்பவர்களுக்கு: அது அக்ரிலிக்கைக் கெடுக்கும்.

குச்சி விஷயத்தில் இன்னொரு தலைவலி. 1.5 மி.மீ. அகலத்துக்கு மேல் போனால் காற்று குச்சியைச் சுற்றி வளைந்து ஓடும், சிறிய துகளும் அதோடு நழுவிவிடும். கடையில் கிடைப்பது 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட். பரவாயில்லை, அதையே 1.5 மி.மீ. பட்டைகளாக வெட்டி, ஷீட்டின் பளபளப்பான முகத்தை முன்பக்கமாக வைத்தால் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும். ஆனால் லேசரில் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். மகரந்தத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் கால்பெர்லா சாயத்தில் உள்ள ஆல்கஹால் பட்டதும் மயிரிழை விரிசல் ஓடும். எண்ணும்போது எது மகரந்தத்தின் முள், எது விரிசல் என்றே தெரியாது. 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டபின் சாயம் போடுங்கள். இல்லையென்றால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் கலந்த, ஆல்கஹால் இல்லாத கிளிசரின் ஜெல்லி.

கணக்கு: 22 மி.மீ. நீளத்தில் இரண்டு குச்சி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 39.8 லிட்டர் காற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓடினால் ஒரு நாளுக்கு 5.73 கன மீட்டர். இரண்டு குச்சியிலும் சேர்த்து 40 மகரந்தம் என்றால் கன மீட்டருக்கு 7. பேட்டரி இறங்கி வேகம் 2,200 ஆனால் காற்றும் 8 சதவீதம் குறையும். ஆகவே சுற்றுகளை எண்ணும் ஸ்லாட் சென்சார் வைத்து விநாடிக்கு 40 துடிப்பு வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம். சென்சாரும் மோட்டாரும் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலேயே கிடைக்கும். கிரீஸை மட்டும் ஆய்வகப் பொருள் விற்பவரிடம் சொல்லிவைக்க வேண்டும், சின்ன டியூபுக்கே யானை விலை.

வெளிநாட்டுச் செய்முறைகளெல்லாம் பெரும்பாலும் ராக்வீட் என்ற ஒவ்வாமைக் களையை மனதில் வைத்து எழுதியவை. பார்த்தீனியம் அதற்குப் பங்காளிதான். இதன் மகரந்தமும் ஏறத்தாழ அதே அளவு, முள்ளும் உண்டு. ஆனால் இது கொத்துக்கொத்தாகவும் பறக்கும். கொத்தை ஒன்றாக எண்ணுவதா, உடைத்து எண்ணுவதா என்பதை முதல்நாளே முடிவுசெய்து குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இங்கே தனித்தனியாகவே எண்ணி, கொத்துகளின் எண்ணிக்கைக்கு அட்டவணையில் இன்னொரு நிரல் போட்டிருக்கிறது. வெட்டுக்காயப் பூண்டின் மகரந்தமும் முள்ளோடுதான் வரும், ஆனால் பெரியது. நுண்ணோக்கியின் கண்வில்லையில் போடும் அளவுகோல் வில்லை இல்லாமல் பிரிக்க முயலாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முளைக்கும் செடிகள் மார்கழிக்குள் பூத்துத் தள்ளும். அதற்குள் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் இரண்டாவது பொறி. காற்றை உறிஞ்சி, மெதுவாகச் சுழலும் டிரம்மில் சுற்றிய ஒட்டுநாடாவில் மகரந்தத்தைப் பதிக்கும் ஹர்ஸ்ட் வகைப் பொறிக்கும் ஆசை இருக்கிறது: நிமிடத்துக்கு 10 லிட்டர், மணிக்கு 2 மி.மீ. நகரும் டிரம். பழைய சுவர்க்கடிகார இயந்திரம் ஒன்று எடுத்து வைத்தாயிற்று. ஆனால் முதல் பொறியின் மழைக்கூரையே இன்னும் பாதியில்தான் நிற்கிறது.