ஆச்சியோட ஐபோன் 11: மூணு நிமிஷ ரீஸ்டார்ட்டும் வெத்தலைச் சுண்ணாம்பும்

நேத்து ராத்திரி 11.20க்கு போனை மேசையில வச்சு ஆன் பண்ணிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். 2.50. 3.00. 3.10. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 3.40 தாண்டினதும் எந்திரிச்சுப் போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். காலையில 6 மணிக்கும் அணையாம இருந்துச்சு. ஆறு நாள் என்னைய ஆட்டிவச்ச போன் இது.

பக்கத்து வளவு ஆச்சியோட போன். சிங்கப்பூர்ல இருக்கிற மகன் புதுசு வாங்கினப்ப, பழைய ஐபோன் 11ஐ அம்மாவுக்கு அனுப்பி வச்சாரு. தினமும் சாயங்காலம் வீடியோ கால்ல பேரனைப் பார்க்கணும், அதுக்குத்தான் போனே. “சார்ஜு ஏறலப்பா, ஆப்பிள் வருது, போகுது, வருது, போகுது. என்னான்னு பாரு”ன்னு சொல்லிச் சுருக்குப்பையில இருந்து எடுத்துக் கொடுத்தாக. அந்தப் பையை அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.

சார்ஜர்ல மீட்டரை மாட்டிப் பார்த்தா 5.1 வோல்ட், 0.00 ஆம்பியர், அதாவது கரண்ட் உள்ள போகவே இல்ல. கேபிளை அசைச்சா 0.08க்குத் துள்ளி மறுபடி பூஜ்யம். டார்ச் அடிச்சுப் பார்த்தா, கேபிள் சொருகுற போர்ட்டுக்குள்ள வெள்ளையா ஏதோ இறுகிக் கிடக்கு. பஞ்சுத் தூசின்னு நினைச்சுக் குச்சியால நோண்டினேன், அசையல. சரின்னு வயர்லெஸ் பேட்ல வச்சேன். கால் மணி நேரத்துல முழிச்சுக்கிச்சு. ராத்திரி பூரா பேட்லயே கிடந்துச்சு, காலையில 100 சதவீதம், ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகல. அதாவது பேட்டரி நல்லாருக்கு, மதர்போர்டு நல்லாருக்கு, சார்ஜ் போர்ட்தான் கெட்டது. ஆப்பிள் வந்து வந்து போனது வெறும் காலி பேட்டரி பண்ணின வேலை. துளித்துளியா ஏறின கரண்ட் லோகோ வரைக்கும் தள்ளிவிட்டுச்சு, அதுக்கு மேல தாங்கல.

இவ்வளவு தெளிவா தெரிஞ்சும் அடுத்த மூணு நாள் நான் பண்ணின கூத்து இருக்கே!

சார்ஜிங் ஃபிளெக்ஸ், அதாவது சார்ஜ் போர்ட் இருக்கிற வளையிற சர்க்யூட் பட்டை, அதை மாத்திடலாம்னு ஆன்லைன்ல 450 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். யார்கிட்டன்னு எழுதப்போறதில்ல. பேக்கிங்ல “ஒரிஜினல் குவாலிட்டி”ன்னு போட்டிருந்துச்சு, அந்தக் “குவாலிட்டி”ங்கிற வார்த்தை சேர்ந்தாலே ஒரிஜினல் இல்லைன்னு அர்த்தம்னு நமக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் வாங்கினேன். டிஸ்ப்ளே திறந்தது, ஸ்பீக்கர் கழட்டினது, ஸ்க்ரூவை வரைபடம் போட்டு ஒட்டிவச்சதெல்லாம் உங்களுக்குப் பழகினதுதான், விட்டுடறேன். புது ஃபிளெக்ஸ் போட்டதும் 1.4 ஆம்பியர். நெஞ்சை நிமித்திக்கிட்டு ஆச்சி கையில கொடுத்துட்டு, அவுக கொடுத்த சீப்புச் சீடையைத் தின்னுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். சீடை தீருறதுக்குள்ள போன் திரும்பி வந்துருச்சு. “பேசிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சு அணைஞ்சு வருதுப்பா.”

உடனே பேட்டரி மேல சந்தேகம் வந்துச்சு. காரைக்குடிக்காரனுக்கு வேற எது மேல வரும்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டின சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்ல இருக்கு, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற இடம். அதோட வாசல் வழியா தினமும் போய்வர்றதாலயே எனக்கும் பேட்டரி தெரியும்னு ஒரு நினைப்பு. பேட்டரி ஹெல்த் 83 சதவீதம் காட்டுச்சு. கனெக்டரைக் கழட்டி மாட்டினேன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைச்சேன், பவர் பட்டன் ஒட்டிக்குதான்னு பார்த்தேன், ரீசெட் போட்டேன். 3110 எம்ஏஎச் பேட்டரி ஒண்ணை கார்ட்ல போட்டு, பணம் கட்டப்போற நேரத்துலதான் புத்தி வந்துச்சு. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை அணையுதுன்னு அளந்தேனா?

அளந்தேன். 3 நிமிஷம் 4 விநாடி. 3.02. 3.05. சும்மா வச்சாலும் அதே, யூடியூப் ஓடினாலும் அதே, கேமரா திறந்தாலும் அதே. கெட்டுப்போன பேட்டரி மணி பார்த்துச் சாகாது. லோடு ஏறும்போது விழும், குளிர்ல விழும், 30 சதவீதத்துல திடீர்னு விழும். இப்படி கோயில் மணி மாதிரி அடிக்காது.

அப்புறம்தான் போன் தானே எழுதிவைக்கிற லாக் பார்க்கப் போனேன். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அனலிடிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ், அனலிடிக்ஸ் டேட்டா. இவ்வளவு தூரம் உள்ள போய் “பேனிக்-ஃபுல்”னு ஆரம்பிக்கிற ஃபைலைத் திறக்கிறதுக்குள்ள மூணு நிமிஷத்துல பாதி போயிருது, அதனால ஆன் ஆனதும் ஓடணும். அதுல தெர்மல்மானிட்டர்டி 180 விநாடியா தகவல் சொல்லலன்னு ஒரு வரி. கொஞ்சம் கீழ, மிஸ்ஸிங் சென்சர்: மிக்1, பிஆர்எஸ்0. தெர்மல்மானிட்டர்டிங்கிறது ஐபோன்ல சூடு பார்க்கிறதுக்குன்னு ஓடிக்கிட்டே இருக்கிற புரோகிராம். ஃபிளெக்ஸ் ஃபிளெக்ஸா சிதறிக் கிடக்கிற சென்சர் எல்லாத்தையும் விசாரிச்சு, “எல்லாம் சரி”ன்னு மேல சொல்லணும். ஒண்ணு பதில் சொல்லலைன்னா அது சொல்லாது, 180 விநாடி பொறுத்துட்டுப் போன் தன்னைத்தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கும். மிக்1ங்கிற அடி மைக்கும், பிஆர்எஸ்0ங்கிற காத்தழுத்தம் பார்க்கிற பாரோமீட்டரும் சார்ஜிங் ஃபிளெக்ஸ்லதான் இருக்கு. என் 450 ரூபாய் ஃபிளெக்ஸ்ல அந்த இடத்துல ஏதோ கறுப்பா ஒட்டியிருக்கு, வேலை செய்யல. சந்தேகம் தீர அதைக் கழட்டிட்டு ஃபிளெக்ஸே இல்லாம ஆன் பண்ணினேன். 3.03.

ஆக முதல் நாள் ரீஸ்டார்ட் வேற, இந்த ரீஸ்டார்ட் வேற. இதை உண்டாக்கினவன் நானே.

பழைய ஃபிளெக்ஸை நல்லவேளை தூக்கிப்போடல, ஸ்ட்ரெப்சில்ஸ் டப்பாவுல கிடந்துச்சு. அதை மாட்டினா ரீஸ்டார்ட் இல்லை, ஆனா சார்ஜும் இல்லை. வைரம் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வீட்டுல இருக்கு, அதுல வச்சு முதல் தடவையா ஒழுங்கா பார்த்தேன். பஞ்சும் இல்ல, தூசியும் இல்ல. சுண்ணாம்பு! சுருக்குப்பையில வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா, அதுக்கு நடுவுல தலைகீழா ஐபோன். எட்டு பின்னுல அஞ்சு பூசி மெழுகின மாதிரி இருந்துச்சு.

இங்கதான் ரெண்டு சாயங்காலம் போச்சு. ஐபிஏவுக்குச் சுண்ணாம்பு அசையவே அசையாது. பிரஷ் போட்டாலும் மேல இருக்கிற பொடிதான் வரும். நம்ம ஊர் வீட்டுச் சுவத்துல முட்டை வெள்ளைக்கருவோட பூசின சுண்ணாம்பு தலைமுறை தலைமுறையா கண்ணாடி மாதிரி நிக்குது, போர்ட்டுக்குள்ள நிக்காதா? காத்துபட்டுக் கெட்டியானதுக்கு அமிலம் வேணும். எலுமிச்சை வேண்டாம், சக்கை விழும். வெள்ளை வினிகர் எடுத்தேன். ஆனா ஃபிளெக்ஸ்ல பாரோமீட்டர் ஓட்டையும் மைக் ஓட்டையும் பக்கத்துலயே இருக்கு, அதுக்குள்ள ஒரு சொட்டு இறங்கினா நான் காப்பாத்த வந்ததே போயிரும். ரெண்டையும் கேப்டான் டேப்பால மூடினேன். போர்ட் வாய் கீழ பார்க்கிற மாதிரி ஃபிளெக்ஸை கிளிப்புல தொங்கவிட்டேன். பல்குத்தி நுனியை பிளேடால தட்டையா சீவி, வினிகர்ல தொட்டு, ஒரு பின்னுக்கு ஒரு தொடல். லென்ஸ்ல பார்த்தா குட்டிக்குட்டியா நுரை வருது. நுரை அடங்கினதும் காஞ்ச குச்சியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது, பின் வளைஞ்சா கதை முடிஞ்சுது. ஏழெட்டு சுத்து. அப்புறம் பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணியால அதே மாதிரி, கடைசியில ஐபிஏ. ராத்திரி பூரா ஃபேன் காத்துல காயவிட்டேன். பல்குத்தி 31 செலவு.

மாட்டினதும் 1.3 ஆம்பியர். அதுக்கப்புறம்தான் அந்த ஸ்டாப்வாட்ச்.

முழு வெற்றின்னு சொல்ல முடியாது. கேபிளை ஒரு பக்கம் போட்டா 1.3, திருப்பிப் போட்டா 0.00. ஒரு பின் கறுப்பா அரிச்சிருக்கு, அதுக்கு வினிகர் கிடையாது. செத்த போன்ல இருந்து கழட்டின ஒரிஜினல் ஃபிளெக்ஸ் ரிச்சி தெருவுல கிடைக்கும், அடுத்த வாரம் சென்னை போற மச்சான்கிட்ட சொல்லியிருக்கேன். வாங்கும்போதே மைக் பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், “சீர்வரிசைக்குக்கூட இவ்வளவு பார்க்க மாட்டீக”ன்னு சிரிக்கிறான். நடுவுல 450 ரூபாய் ஃபிளெக்ஸ் வீணாப் போகுதேன்னு, பழையதுல இருந்து பாரோமீட்டரையும் மைக்கையும் ஹாட் ஏர்ல எடுத்து அதுல வச்சுப் பார்த்தா என்னன்னு கை அரிக்குது. ஒரிஜினல் வந்து சேர்ற வரைக்கும் தொடமாட்டேன்.

கேபிள் எந்தப் பக்கம்னு தெரியணுமேன்னு நெயில் பாலிஷ்ல சிவப்புப் பொட்டு வச்சுக் கொடுத்தேன். போனுக்குன்னு தனியா ஒரு பை தைச்சுக்கச் சொன்னேன். ஆச்சி பொட்டு வச்ச கேபிளையும் போனையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, “அப்ப சார்ஜர் எந்தப் பையில இருக்கணும்?”னாக.