மேலே ஆறு, கீழே கடல்

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், படகின் ஓரம் குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை.

கடல் எதிரிலேயே அலையடித்துக்கொண்டிருக்கிறது!

படகோட்டி அண்ணன் சிரித்தார். தக்கை அடைத்த பாட்டிலில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கினார். இன்னொரு கயிற்றைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கினார். மேலே வந்த தண்ணீர் அப்படிக் கரித்தது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதனால் ஆற்றுநீரைவிட 2.5 சதவீதம் கனம், அவ்வளவுதான். அது போதும். கடல் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்துவிடுகிறது. ஆறு அதன் முதுகில் ஏறி வெளியே வழுக்கிப் போகிறது. ஒரே இடத்தில், மேலே ஒரு திசை, கீழே எதிர்த்திசை.

'இரண்டு தண்ணீரும் கலக்கவே கலக்காது' என்று வாட்ஸ்அப்பில் வருமே, அது சும்மா. கலக்கும். இரண்டும் உரசும் எல்லையில் சின்னச் சின்னச் சுழிகள் எழுந்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, பலமாக இருந்தால் இன்னும் வேகமாக. வெள்ளம் வந்தால் ஆப்பே கடல் பக்கம் பின்வாங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது சேற்றின் கதை. களிமண் துகள்கள் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதந்து வரும். உப்பு பட்டதும் அந்த விலகல் தளர்ந்துவிடும். ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் இறங்கிவிடும்.

திரும்பும்போது படகு தரை தட்டியது. இறங்கித் தள்ளினோம். முழங்கால்வரை சேறு. எந்த மலையில் கிளம்பியதோ!