எதுவுமே நடக்காத இடத்துக்கு ஒரு நினைவுப் பலகை

‘1897-இல் இந்த இடத்தில் எதுவும் நடக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் பொறித்த உலோகப் பலகையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதைப் படிப்பவரைச் சிரிக்கவைப்பது அந்த வரி மட்டுமல்ல. கனமான உலோகம், புடைப்பெழுத்து, நாலு மூலையிலும் போல்ட் என்று மற்றதெல்லாம் அசல் நினைவுப் பலகை மாதிரியே இருப்பதுதான் காரணம். சாலையோரச் சுற்றுலா இடத்துக்கு இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பொய் ஒரே இடத்தில் இருக்கட்டும், மீதியெல்லாம் அச்சு அசலாக இருக்கட்டும்.

வாசகம் அறுபது சொல்லுக்குள் முடியட்டும். முதல் இரண்டு வரி சாதாரணமாகப் போக வேண்டும். திருப்பம் மூன்றாவது வரியில் வரலாம். ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம். அரசுப் பலகை ஆச்சரியப்படாது. தேதியைத் துல்லியமாகப் போடுங்கள். நியூயார்க்கில் சிற்பி ஜோ ரெஜினெல்லா 2016-இல் வைத்த நினைவுச் சின்னம், ராட்சத ஆக்டோபஸ் ஒன்று ஸ்டேட்டன் தீவுப் படகை மூழ்கடித்ததாகச் சொல்கிறது. நாள் 1963 நவம்பர் 22. கென்னடி சுடப்பட்ட அதே நாள். ‘இவ்வளவு பெரிய விபத்தை யாரும் கேள்விப்படவில்லையே’ என்ற சந்தேகத்துக்குத் தேதியே பதில் சொல்லிவிடுகிறது. இதைவிட நல்ல தேதித் தேர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

நின்று படிப்பவர் ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பார். அதற்கு எழுத்தின் உயரம் 12 மி.மீ. போதும், தலைப்புக்கு 25. பலகை 60க்கு 45 செ.மீ. இருந்தால் நெருக்கடி இல்லாமல் அடங்கும். தமிழில் வார்ப்பதென்றால் புள்ளிதான் தகராறு. மாதிரிப் பலகையை மணலில் அழுத்தி எடுத்த குழிதான் மணல் அச்சு; அதில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். 2 மி.மீ.க்குச் சிறிய புள்ளி அதில் சரியாகப் பதியாது. ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ணகர, னகரச் சுழிகளும் உள்ளே அடைத்துக்கொள்ளும். தடிமனான எழுத்துருவை எடுத்து, சுழிகளை ஒரு சுற்று அகலப்படுத்தி, புள்ளியை 3 மி.மீ. ஆக்கிவிடுங்கள். எழுத்தின் பக்கங்கள் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் மாதிரியைத் தூக்கும்போது மணலும் கூடவே பெயர்ந்து வரும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மாதிரி ஒன்றரை சதவீதம் பெரிதாக இருக்கட்டும். வார்த்த பிறகு பிழை திருத்த வழியில்லை. அச்சுக்குப் போகுமுன் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

வார்ப்பு கட்டுப்படியாகாவிட்டால் ரெசினில் (ஊற்றியபின் இறுகும் செயற்கைப் பிசின்) வெண்கலப் பொடி கலந்து ஊற்றலாம். முன்பக்கத்துக்கு வரும் முதல் படலத்தில் பொடி கெட்டியாக இருக்க வேண்டும். இறுகியதும் மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்த்தால்தான் மேலே படிந்த ரெசின் தோல் போய் உலோகம் தெரியும். தேய்க்காமல் விட்டால் பழுப்பு பிளாஸ்டிக்தான். பழசாக்கும்போது பலரும் செய்யும் தவறு, பச்சை பெயின்டை முழுக்கத் தெளித்துவிடுவது. நிஜக் களிம்பு பள்ளத்திலும், எழுத்தின் அடியிலும், மழைநீர் வடியும் கோட்டிலும்தான் பிடிக்கும். கைபடும் மேடுகள் பளபளப்பாகவே இருக்கும். எனவே கருப்பைப் பூசி, மேட்டை மட்டும் துடைத்தெடுத்து, பச்சையைச் சிறு தூரிகையால் மூலைகளில் வைத்தால் போதும்.

கல்லில் பொருத்த 8 மி.மீ. துளை, 50 மி.மீ. ஆழம். தூசியை ஊதி எடுக்காமல் எபாக்சிப் பசை விட்டால் பிடிக்காது. பலகைகள் விழ இதுவும் ஒரு காரணம். பின்னால் 5 மி.மீ. தடிமனான வாஷர் வைத்து, தண்ணீர் வடிய இடைவெளி விடுங்கள். அலுமினியப் பலகைக்குப் பித்தளை போல்ட் ஆகாது, அரித்துவிடும். எவர்சில்வர் போல்ட்டும் நைலான் வாஷரும் போடுங்கள்.

இடத்துக்காரரிடம் அனுமதி வாங்காமல் வைக்காதீர்கள். டப்ளினில் ஓ’கானல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் 2004-இல் பதித்த, இல்லாத ஒரு பாதிரியாருக்கான ‘அருட்தந்தை பேட் நாய்ஸ்’ பலகை 2006 வரை மாநகராட்சியின் கண்ணில் படவேயில்லை. ஆனால் எல்லாப் பாலமும் அவ்வளவு பொறுமையாக இருக்காது. வளைவிலும் வைக்க வேண்டாம்; படிப்பதற்காக வண்டியை நிறுத்துவார்கள். அரசு முத்திரை, நிஜமாக இறந்தவர்களின் பெயர், ஒரு ஊர் பட்ட நிஜத் துயரம் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

கூர்ந்து பார்ப்பவருக்குக் குட்டு உடைய ஒரு வழியையும் பலகையிலேயே வையுங்கள். 1936-இல் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்ட, ஆங்கில மாலுமி பிரான்சிஸ் டிரேக் 1579-இல் விட்டுச்சென்றதாகச் சொல்லப்பட்ட பித்தளைத் தகட்டை வரலாற்றறிஞர் ஹெர்பர்ட் போல்டன் அசல் என்றே நம்பினார். உலோகப் பரிசோதனையில் அது நவீனப் பித்தளை என்று தெரிய 1977 ஆகிவிட்டது. பிறக்கும் முன்பே இறந்தவர், பிப்ரவரி 30, இப்படி ஒன்று கடைசி வரியில் இருந்தால் போதும்.

வருடத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகு பூசுங்கள். கழுவும்போதே நாலு போல்ட்டையும் அசைத்துப் பார்த்துவிடலாம்.