வெட்டிய மரத்தை அவசரப்பட்டு விறகாக்காதீர்கள்
உருண்டைக் கட்டையை அறுத்தால் பலகையாகத் தேறுவது ஏறக்குறைய பாதிதான். மீதி ஓரத்துண்டு, மரத்தூள், பட்டை. அவையும் வீணாவதில்லை: துண்டுகள் காகிதக்கூழுக்குப் போகின்றன, தூள் பசையோடு அழுத்தப்பட்டுத் துகள்பலகை ஆகிறது, பட்டை செடிகளுக்கு மூடாக்கு. கூழ் ஆலையில் லிக்னின் (மர இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள்) கரைந்த கறுப்புத் திரவத்தையே எரித்து ஆலைக்கு நீராவி எடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது!

என் ஆற்றாமையெல்லாம் வைரம் பாய்ந்த கட்டையைக்கூட அடுப்புக்கு அனுப்புவதைப் பார்க்கும்போதுதான். பச்சை மரத்தை உடனே இழைத்தால் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும் என்பது உண்மை. அதற்கு வழி இருக்கிறதே! ஈரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கே மெழுகோ பெயின்டோ பூசுங்கள். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, நிழலில் காற்றாட அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு தாராளமாக இழைக்கலாம்.