காற்றைப் பார்த்து வழி போடுங்கள்: யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சைக்கிளில் சுற்ற மூன்று நாள்

மலையில்லாத ஊர், சைக்கிள் ஓட்டம் சுகம்தானே என்று நினைத்து வெளிக்கிடுகிற கூட்டம் வல்லை வெளி என்ற திறந்த நிலத்தில் மூச்சு வாங்கும். இங்கே ஆளைக் களைக்க வைப்பது காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை, அதோடு மழை. தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வாடையும் தணிந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது.

சுற்றி வந்தால் எங்கேயாவது எதிர்க்காற்று வந்தே தீரும். அந்தத் துண்டைக் காலை நேரத்தில் விழுத்துவதுதான் கெட்டித்தனம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆகவே மாசியில் முதல் நாளே யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், புத்தூர், நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை. ஏறக்குறைய 34 கிலோமீற்றர். காலை 5.30க்கு வெளிக்கிட்டால் 7 மணியளவில் வல்லை வெளியைத் தாண்டிவிடலாம். பின்னேரம் வல்லிபுரக் கோயிலும் மணற்காடும். மணலில் ஓட்டப் பார்க்க வேண்டாம், இறங்கி உருட்டுங்கள்.

இரண்டாம் நாள் தொண்டைமானாறு, அச்சுவேலி, புன்னாலைக்கட்டுவன், தெல்லிப்பழை, கீரிமலை. வாடை முதுகில் இருக்கும், அவசரமில்லை. மூன்றாம் நாள் பொன்னாலைப் பாலத்தால் காரைநகர், அங்கிருந்து பாதையில் (கடலைக் கடக்கும் மிதவையில்) ஊர்காவற்துறை, வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம். சோளகக் காலமென்றால் இதையே தலைகீழாக ஓடுங்கள். பருத்தித்துறையில் இரவு தங்கினால் யாழ்ப்பாணம் திரும்பும் எதிர்க்காற்றுத் துண்டு விடியக் காலையில் வரும்.

ஆட்கள் ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேலென்றால் வரிசை நீண்டு நடுவில் பஸ் புகுந்துவிடும். ஒற்றை வரிசை, ஒரு சைக்கிள் நீள இடைவெளி. முன்னுக்குப் போகிறவர்தான் காற்றை வாங்குவார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அவர் கையைக் காட்டிவிட்டு இடது ஓரம் ஒதுங்க, மற்றவர்கள் கோடு மாறாமல் கடந்து போக வேண்டும். ஆகக் களைத்தவரை வாலில் விடாதீர்கள், இரண்டாவதாக விடுங்கள். வாலில் வருகிறவர் பழகிய ஆளாக இருக்கட்டும், பம்பும் ஒட்டுச் சாமானும் அவரிடம்.

பாலங்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. காற்று வலப்பக்கமாக அடிக்கும்போது நீங்கள் அறியாமலே வலது பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்த நேரம் பஸ் முந்தினால் காற்று சட்டென்று மறைபடும். சாய்ந்த சைக்கிள் பஸ் பக்கம் இழுபடும். பின்னால் சத்தம் கேட்டதும் காண்டிலை இறுக்காமல், நிமிர்ந்து, மிதிப்பதை நிறுத்துங்கள். முன் கூடையில் பாரம் வேண்டவே வேண்டாம். எல்லாம் பின் கரியரில், முடிந்தளவு தாழ்வாக.

ஊர்ச் சைக்கிளே போதும். பழைய லுமாலா என்றாலும் பரவாயில்லை, கியர் இல்லாமல் இந்த வழி முழுக்க ஓடலாம். ஆனால் போவதற்கு முதல் கிழமையே பின் சில்லின் கம்பிகளை இறுக்கிச் சரிபாருங்கள், பாரம் ஏற்றினால் முதலில் முறிவது அதுதான். முறிந்தால் முறிந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, இரு பக்கமும் உள்ள கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் றிம் பிறேக்கில் உரசாமல் அடுத்த சைக்கிள் கடைவரை போகும்.

காற்றுப் போவதற்குக் காரணம் முள் மட்டுமல்ல. வெயிலில் வால்கட்டையின் (காற்றடிக்கும் வால்வின்) ரப்பர் இளகிக் கசியும். ஒரு சாண் வால் ரியூப் வைத்திருங்கள். ஒட்டுப் போடும்போது சொலூஷனை மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, அதாவது மூன்று நான்கு நிமிடம், பொறுத்திருங்கள். அவசரப்பட்டு ஒட்டினால் மத்தியான வெக்கையில் கழரும். ரியூப்பைத் திரும்பப் போட முதல் ரயரின் உட்புறத்தைத் துணியால் ஒருதரம் தடவுங்கள். உடை மரத்து முள் உள்ளே நின்றால் அந்த ஒட்டு அவ்வளவுதான். கடற்காற்றில் செயின் ஒரே இரவில் துருப்பிடிக்கும். பின்னேரம் துடைத்து, இணைப்புக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் மணல் பிடிக்கும்.

காலையில் வயிறு முட்டப் புட்டுச் சாப்பிட்டுவிட்டு மிதிக்க ஏலாது. வெளிக்கிட முதல் வாழைப்பழம், வழியில் கச்சான், எள்ளுருண்டை. சாப்பாடு ஓட்டம் முடிந்த பிறகு. தண்ணீர் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது, ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் சீனியும் கலந்திருக்கட்டும். தீவுப் பக்கத்தில் பல கிணறுகள் உவர். காரைநகருக்குள் போக முதலே போத்தல்களை நிரப்பிவிடுங்கள்.

பாதை ஓடாத நாட்களும் உண்டு, திருத்த வேலையில் நிற்கும். முந்தின நாளே விசாரியுங்கள். ஓடவில்லையென்றால் வந்த பொன்னாலைப் பாலத்தாலேயே திரும்பி, வட்டுக்கோட்டை, அராலி வழியாக யாழ்ப்பாணம் சேரலாம்.