கேமராவை நோட்டுப் பக்கம் திருப்பிய பிறகு

மொரீஷியஸில் அரசுத் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியை வேலையை விட்டுவிட்டு இணையத்தில் பாடம் நடத்தப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, “பென்ஷன் என்ன ஆகும்?” நியாயமான கேள்விதான். அதனால் எடுத்த எடுப்பில் ராஜினாமா எழுதவில்லை. தலைமை ஆசிரியர் வழியாகச் சம்பளமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்தேன். எதற்காக என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன். மறைத்துச் செய்தால் பின்னால் தலைவலி. விடுப்பு கையில் கிடைத்த பிறகுதான் காரியத்தில் இறங்கினேன்.

இந்த ஆசைக்கு விதை 2020 மார்ச் ஊரடங்கு. பள்ளி மூடியதும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித்தான் பாடத்தை ஓட்டினேன். ஓர் அம்மா அதைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்ப, அங்கிருந்து “எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவீர்களா மிஸ்?” என்று கேட்டார்கள். இரண்டு தீவுக்கும் ஒரே நேரம். பேர் தமிழ், கோயில் தமிழ், வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் என்பதும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மென்பொருள் பெரிய விஷயமில்லை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம். முன்பு ஒருவருக்கு ஒருவர் என்றால் அந்த வரம்பு கிடையாது. 2022-இல் அதற்கும் வந்துவிட்டது. நான் பணம் கட்டவில்லை, பாடத்தை வெட்டினேன். எட்டு வயதுப் பிள்ளை அதற்கு மேல் உட்காராது. பழைய பயிற்சித் தாள்கள்தான் படுத்தின. எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அடுத்தவர் போனில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினேன்.

உண்மையான சிக்கல் எழுத்து. பள்ளியில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பிள்ளையின் கையைப் பார்ப்பேன். ‘ண’ எழுதினால் சுழியை எங்கே தொடங்குகிறது, எங்கே பேனாவை எடுக்கிறது என்று தெரியும். திரையில் அது போச்சு. எழுதி முடித்துவிட்டு நோட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பார்க்க அழகாகவே இருக்கும். ஒரு பெண் ‘ழ’வைக் கீழிருந்து மேலாக, படம் வரைகிற மாதிரி வரைந்துகொண்டிருந்தாள். காட்டுகிற எழுத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அப்படி எழுதினால் வேகம் எப்படி வரும்?

அப்புறம்தான் கேமராவை முகத்திலிருந்து எடுத்து நோட்டின் மேல் வைக்கச் சொன்னேன். ஸ்டாண்டு எல்லாம் வாங்க வேண்டாம். இரண்டு பால்மாவு டின், அவற்றின் மேல் கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டு. போனை அதில் படுக்க வைத்து, கம்பி இடுக்கு வழியாக லென்ஸ் கீழே பார்க்கும்படி நகர்த்தினால் போதும். “முகம் தெரிய வேண்டாமா மிஸ்?” என்று சில அம்மாக்களுக்கு வருத்தம். முகத்தைப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியேதான் இருக்கிறது! என் பக்கமும் அதே ஏற்பாடு; பிள்ளைகள் பார்ப்பது என் கையை மட்டும். வெள்ளைப் பலகை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: உங்கள் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம், அந்தப் பக்கம் சரியாகத்தான் போகும்.

பணம் கேட்பதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. “கோயிலில் சும்மாதானே சொல்லித் தருகிறார்கள்?” என்பார்கள். “ஆமாம், அங்கேயும் அனுப்புங்கள்” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இங்குள்ளவர்கள் ஜூஸ் என்ற வங்கிச் செயலியில் உடனே போட்டுவிடுவார்கள். ரீயூனியனிலிருந்து யூரோவில் வரும் சின்னத் தொகையை வங்கிக் கட்டணம் தின்றுவிடுகிறது, ஆகவே அவர்களிடம் பருவத்துக்கு ஒரு முறை மொத்தமாக வாங்குகிறேன். தொழிலைப் பதிவு செய்து பி.ஆர்.என். என்ற பதிவு எண் எடுப்பது, வரித் துறையான எம்.ஆர்.ஏ.வுக்குக் கணக்குக் காட்டுவது, சி.எஸ்.ஜி. என்ற சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பைக் கட்டுவது எல்லாம் சலிப்பான வேலை. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை.

கால அட்டவணை வேறு கதை. எங்களுக்குப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், ரீயூனியன்காரர்களுக்கு ஆகஸ்டில். அங்கே புதன் பிற்பகல் பள்ளி கிடையாது, அதனால் புதன்கிழமை எனக்குச் சாப்பிட நேரமிருக்காது. ஜனவரியில் அவர்கள் விடுமுறையில் போய்விட, வருவது பெரியவர்கள்தான்: காவடிக்குள், அதாவது தைப்பூசத்துக்குள், முருகன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் பார்க்காமல் தமிழிலேயே படித்துவிட வேண்டும் என்பவர்கள். 2024-இல் காவடி ஜனவரி 25. பெலால் புயல் 15-ஆம் தேதியே இரண்டு தீவையும் அடித்துப் போட்டது. விட்டுப்போன வகுப்புகளை விடியற்காலையிலும் இரவிலுமாக ஈடுகட்டினேன். விரதம் இருக்கிறவர்களிடம் நாளை பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா?

அதற்குப் பிறகு ஜனவரியில் பிள்ளைகளுக்குப் புது வகுப்பு தொடங்குவதில்லை. பெரியவர்கள் நவம்பரிலேயே சேர்ந்துவிட வேண்டும், கட்டணமும் அப்போதே.